படம் கசங்காமல் போய்ச்சேர

என் கணவர் வரைந்த பெருமாள் படத்தைத் தபாலில் வரவழைத்த முதல் முப்பது பேரில் ஒன்பது பேர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படம் பிடிக்காமல் அல்ல, கசங்கிப் போயிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வக்கீல், படத்தோடு ஒரு கடிதமும் வைத்திருந்தார். திருமுடியிலிருந்து திருவடி வரை பதினோரு இடங்களில் பெருமாள் மடிந்திருக்கிறார், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் என்று அதில் இருந்தது. என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு படத்தைத் தரையில் விரித்து, மடிப்புகளைத் தாமும் எண்ணினார். பதினொன்றுதான்.

அவர் திருச்சி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நாங்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்தர வீதியில். காலையில் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவார். சாயங்காலம் விரல்களில் சுண்ணாம்புத் தூளோடு திரும்புவார். இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்து, சயனத் திருக்கோலத்தில் பெருமாளை வரைந்தார். சென்னையில் ஒரு லித்தோ அச்சகத்தில் ஆயிரம் பிரதிகள் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை அந்தக் காகிதக் கட்டுகள் அடைத்துக்கொண்டன.

கோயில் வாசல் கடைக்காரர்கள் அதை வாங்கவில்லை. அவர்களிடம் பம்பாயிலிருந்து வந்த படங்கள் இருந்தன. கன்னம் சிவப்பாக, நகையெல்லாம் பளபளவென்று இருக்கும். என் கணவருடைய படம் இருட்டாக இருந்தது. கர்ப்பக்கிரகத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அவ்வளவுதான் வைத்திருந்தார். அது நியாயமான விஷயம்தான், ஆனால் கடைக்கு ஆகாது என்று ஒரு கடைக்காரர் சொன்னாராம். அதன் பிறகுதான் ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அது நல்ல யோசனையாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்குப் பெருமாள் படம் எதற்கு, நடந்து போய்ச் சேவித்துவிட்டு வரலாம். படம் வேண்டியிருந்தது தூரத்தில் இருந்தவர்களுக்கு. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, நாகபுரி என்று கார்டுகள் வந்தன.

படம் அகலமானது. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி உயரம். நான்காக மடித்து உறையில் போட முடியாது. எனவே பாய் மாதிரிச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, சணலால் கட்டி அனுப்பினார். அதில்தான் ஒன்பது திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றை ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தார். மடிப்பு போகவில்லை, ஆதிசேஷன் நிறம் துணியோடு வந்துவிட்டது. அன்றைக்கே அவர் என்னிடம், கட்டி அனுப்புகிற வேலை இனிமேல் உன்னுடையது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. குழந்தைகள் இல்லை. மத்தியானங்கள் நீளமாக இருந்தன. சரி என்றேன்.

என்ன செய்வது என்று முதலில் எனக்கும் தெரியவில்லை. ஒரு நாள் என் தமக்கையின் ஊருக்குப் போவதற்காக ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் காத்திருந்தேன். எதிர்ப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. தபால் வண்டியின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து பைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தார்கள். பிளாட்பாரத்தில் இருந்த ஆள் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார். வண்டி போன பிறகு, மேலே இருந்த பையின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். நல்ல கனமான ஆள். நிதானமாகப் போட்டார். அவர் எழுந்திருக்கும்வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எப்படிக் கசங்குகிறது என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேலே ஒருவர் உட்கார்ந்தாலும் தாங்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

முதலில் தகரக் குழாய் செய்யச் சொன்னோம். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு தகரக்காரர் ஆறு குழாய்கள் செய்து கொடுத்தார். தாங்கியது. ஆனால் கனத்தது. தபால்காரர்கள் கனத்துக்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். குழாய்க்கு ஆன கூலியும் தபால் செலவும் சேர்ந்து படத்தின் விலையைத் தாண்டிவிட்டன. வாங்குகிறவர் படத்துக்கு ஒரு விலையும் தகரத்துக்கு ஒரு விலையும் ஏன் கொடுப்பார்?

பிறகுதான் மூங்கில் நினைவுக்கு வந்தது. ஓடத்துறைப் பக்கம் ஒரு மூங்கில் கடை இருந்தது. பச்சைமலையிலிருந்து வண்டியில் வரும் மூங்கிலைக் கரையோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். அதை நடத்தியது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பருமனானதாகப் பார்த்து, இரண்டிரண்டு அடியாக அறுத்துத் தரச் சொன்னேன். உள்ளே கணு இருக்குமே, அதைக் கடப்பாரையால் இடித்து எடுத்தேன். என் கணவருடைய அரத்தை எடுத்து உள்பக்கத்தைத் தேய்த்தேன். செய்தித்தாள் சுருள் ஒன்றை உள்ளே வைத்து, கூடத்தின் நடுவில் போட்டுவிட்டு, அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "இதுமேல உட்காருங்கோ" என்றேன்.

"எதுமேல?"

"இந்த மூங்கில்மேல."

அவர் அதைப் பார்த்தார். "பெருமாளை உள்ள வெச்சுண்டு மேல உட்காரச் சொல்றியா?"

உள்ளே இருப்பது பழைய செய்தித்தாள்தான் என்று எடுத்துக் காட்டினேன். அதன் பிறகும் அவர் உட்காரவில்லை. கை கால் கழுவப் போய்விட்டார். நானே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அம்மிக் குழவியை அதன்மேல் ஏற்றி வைத்தேன். குழாய் அசையவில்லை. தகரத்தில் பாதிக் கனம்கூட இல்லை.

அதை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நானே போனேன். அங்கே பார்சல் எடைபோடுகிற குமாஸ்தா டவுனிலிருந்து வருகிற கிறிஸ்தவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். குழாயைத் தராசில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் நான் அரக்கு வைத்து அடைத்திருந்ததைத் தட்டிப் பார்த்தார்.

"அடைச்சு முத்திரை வச்சீங்கன்னா இது பார்சல். உள்ள இருக்கறத நாங்க எடுத்துப் பார்த்துட்டு மறுபடி போடற மாதிரி கட்டினீங்கன்னா புக் போஸ்ட். அச்சடிச்ச காகிதம்தானே? புக் போஸ்ட்டுக்குச் சார்ஜ் ரொம்பக் குறைச்சல்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அடைக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். வெற்றிலைச் சுருக்குப்பை மாதிரி இரண்டு துணிக் குல்லாய்கள் தைத்தேன். மூங்கிலின் இரு முனைகளிலும் அவற்றை மாட்டி, கயிற்றைச் சுருக்கினால் வாய் மூடிக்கொள்ளும். அவிழ்த்தால் திறக்கும். படச் சுருளைச் சுற்றி ஒரு நாடாவை விட்டு, அதன் நுனி வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். இழுத்தால் படம் உரசாமல் வெளியே வரும். குமாஸ்தா அதை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு முத்திரை குத்தினார்.

அந்த மாதம் இருபது படங்கள் போயின. ஒன்றும் திரும்பவில்லை. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பள்ளிக்கூட உபாத்தியாயர், மரியாதையாக எழுதியிருந்தார். படத்தோடு மஞ்சள் நிறத்தில் ஒரு பொடியும் வந்திருக்கிறது, அது கோயில் பிரசாதமா, உட்கொள்ளலாமா அல்லது நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தார். கடைசி வரியில், படத்தில் குண்டூசி அளவில் பல துவாரங்கள் இருக்கின்றன, அவை அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

வீட்டில் மிச்சம் இருந்த மூங்கில் குழாய்களைத் தட்டிப் பார்த்தேன். நான்கிலிருந்து அதே பிரசாதம் கொட்டியது. உளுத்துப் போயிருந்தன.

ஓடத்துறைக்குப் போய் அந்தப் பெண்மணியிடம் ஒரு குழாயைக் காட்டினேன். அவள் அதை வாங்கி முகர்ந்தாள்.

"பச்சை மூங்கில அப்படியே வச்சா உளுக்கத்தாம்மா செய்யும். தண்ணியில ஊறப்போடாம யாரு வைப்பாங்க? நீங்க பந்தலுக்குன்னு நெனச்சேன். பந்தல்னா ஒரு வாரத்துல பிரிச்சுருவாங்க. என்னத்துக்குன்னு அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ஊறினதாத் தந்திருப்பேன்ல?"

நான் சொல்லவில்லைதான். மூங்கிலைத் தண்ணீரில் இரண்டு வாரமாவது மூழ்க வைத்து, பிறகு நிழலில் காயவிட்டு, அடுப்புப் புகையில் காட்டினால் பூச்சி வராது என்று அவள் விவரமாகச் சொன்னாள். ஆற்றில் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் கொல்லைத் தொட்டியிலேயே போட்டேன். பத்தாம் நாள் தண்ணீர் கறுத்து, எருமைத் தொழுவம் மாதிரி நாற்றம் எடுத்தது. பக்கத்து வீட்டு மாமி கொல்லைப்புறம் வந்து, என்ன செத்துக் கிடக்கிறது என்று விசாரித்தாள். மூங்கில் என்றேன். அவள் நம்பவில்லை.

கொழும்பு உபாத்தியாயருக்கு வேறு படம் அனுப்பினேன். அந்தப் பொடியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்படி ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஓலைச்சுவடிப் பெட்டியில் வசம்பு போட்டு வைப்பார்களே, அதே மாதிரி ஒரு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து குழாய்க்குள் போட்டேன். படத்தில் குழந்தை மருந்து வாசனை அடிக்கிறது என்று ஓர் அம்மாள் எழுதினாள், குற்றமாக எழுதவில்லை. படத்தை முகம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டினால், பிரித்துச் சுவரில் மாட்டியதும் பக்கவாட்டு ஓரம் முன்னால் சுருண்டு எழுந்துகொள்கிறது என்று பலர் சொன்னார்கள். முகம் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்டிப் பார்த்தேன். ஓரம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மேலே பட்டர் பேப்பர் ஒரு சுற்று. இறுக்கிச் சுருட்டக் கூடாது, தளர்வாகவும் கூடாது; தளர்வாக இருந்தால் ரயில் குலுங்கக் குலுங்கத் தனக்குத்தானே உரசி மசி தேய்ந்துவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வந்த கடிதங்கள் சொல்லின.

கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை என் கணவர் பெயருக்குத்தான் வரும். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே பிரிப்பார். படங்கள் திரும்பி வருவது நின்றுபோன பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் நல்ல கடிதங்கள். தாங்கள் அனுப்பிய படம் சிறிதும் கசங்காமல் வந்து சேர்ந்தது. மூங்கில் குழாய் மிகவும் உறுதியானது, அதை வீட்டில் குடைகள் வைக்க உபயோகிக்கிறோம். இவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிய பார்சலை இதுவரை பார்த்ததில்லை. தங்களுக்கு எங்கள் நமஸ்காரம். இந்த மாதிரி. ஆரம்பத்தில் அவற்றை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு பிரிப்பதையும் என்னிடமே விட்டார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி, "எல்லாரும் மூங்கிலைப் பத்தித்தான் எழுதறா" என்றார்.

நான் மோர் ஊற்றினேன். அவர் இரண்டாவதாக ஒரு படம் வரைய ஆரம்பித்திருந்தார், தாயார் படம். அந்தப் பலகை சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று தெரியவில்லை. என்மேல் அவருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்துகிறவர் அல்ல. நான் கூடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தால் அவர் உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான்.

யுத்தம் வந்தது. காகிதம் கிடைக்கவில்லை, சணல் கிடைக்கவில்லை, துணிக்குக் கியூவில் நின்றார்கள். எங்களிடம் பிரதிகள் முன்னாலேயே இருந்ததால் படம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. பழைய வேஷ்டிகளில் குல்லாய் தைத்தேன். வந்த பார்சல்களின் கயிற்றை அவிழ்த்து, முடிச்சு எடுத்து, திரும்ப உபயோகித்தேன். கடல் கடந்து போகும் தபாலைச் சர்க்கார் திறந்து பார்க்கிறார்கள் என்று குமாஸ்தா சொன்னார். ஒரு குழாய் அப்படித் திறக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்டு, விலாசதாரர் ஊரை விட்டுப் போய்விட்டதால் எங்களிடமே வந்தது. திறந்தவர்கள் என்னைவிட நன்றாக முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

எங்களுக்கு ரங்கூனிலிருந்துதான் அதிகம் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. ஒருவர் வாங்கி மாட்டினால், பார்க்கிறவர்கள் எழுதுவார்கள். ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தபோது மூன்று குழாய்கள் வழியில் இருந்தன. இரண்டு மாதம் கழித்து மூன்றும் சென்னையிலிருந்து திரும்பின. போக்குவரத்து இல்லை, அனுப்பியவரிடமே சேர்க்கவும் என்று ரப்பர் முத்திரை. நான் கட்டிய கயிறு அவிழவே இல்லை. மூவரும் முன்கூட்டியே மணியார்டர் அனுப்பியவர்கள். எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் மூன்றையும் அலமாரிமேல் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டை அவருடையதல்ல என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தோள் பக்கம் தொங்கியது. கையில் மணியார்டர் ரசீது ஒன்று வைத்திருந்தார். பல தரம் நனைந்து காய்ந்து, மஞ்சளாகியிருந்தது.

"நான் ரங்கூன்லேருந்து வரேங்க. ஒரு படத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். அது வரலை. உங்க பேர்ல தப்பு இல்லன்னு தெரியும். ஊர் முசிறிப் பக்கம்தான், அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பெயரைச் சொன்னார். அலமாரிமேல் இருந்த மூன்றில் நடுவில் இருந்தது அவருடையது. நான் எடுத்து வருவதற்குள் என் கணவர் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார். வந்தவர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். குண்டு விழுந்த பிறகு நாலைந்து பேராகக் கிளம்பி, மலை வழியாக நடந்தே எல்லையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். எத்தனை நாள் நடந்தார் என்று கேட்டதற்கு, மழைக்கு முந்தி வந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னார். மனைவியும் குழந்தைகளும் நல்லவேளையாக ஊரில் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு தனி வீடு பார்க்கலாம் என்று நினைத்துத்தான் படத்துக்கு எழுதினாராம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்து, "படம் போட்டவர் நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் இவர்.

"எங்க மெஸ்ல ஒருத்தர் அதை வாங்கி மாட்டியிருந்தாரு. சாப்பிட உக்காந்தா எதிர்ல அதான் இருக்கும். அதுல தூண் ஓரமா ஒரு விளக்கு தொங்குதுங்களே, அதோட வெளிச்சம் முகத்துல விழல. பாதத்துல மட்டும்தான் விழுது. அத வேணும்னேதான் அப்படிப் போட்டீங்களா?"

என் கணவர் கைகளைத் துண்டில் துடைத்தார். அவை ஈரமாக இல்லை. "வேணும்னேதான்" என்றார் பிறகு. "இதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்லை."

"நாங்க நாலு பேரும் அதைப் பத்திப் பேசிக்குவோம். படத்தை வாங்கினவரு சொல்லுவாரு, வரைஞ்சவருக்கு முகத்தை நிமிந்து பார்க்கத் தைரியம் வரல போலிருக்குன்னு."

"அவர் சொன்னதுதான் சரி" என்றார் என் கணவர். "அவர் எங்க இருக்கார் இப்போ?" என்று கேட்டார்.

"வழியிலேயே போயிட்டாருங்க."

நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதற்குள் அறுநூறு படங்களுக்குமேல் நான் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தூசி இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கட்டுவேன். விளக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நான் பார்த்ததில்லை.

வந்தவர் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். குல்லாயை அவிழ்த்து நாடாவை இழுத்தேன். கூடத்தில் பாய்மேல் விரித்தேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, குந்தி உட்கார்ந்து பார்த்தார். கும்பிடவில்லை. நினைவில் இருந்ததோடு சரியாக இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கிறவர் மாதிரி ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மறுபடி கட்டிடுங்கம்மா. அக்கா வீட்டுல ஒரே ரூம்ல ஒம்பது பேர் இருக்கோம். மாட்ட இடமில்லை. பிள்ளைங்க கிழிச்சிரும். இங்கயே இருக்கட்டுங்க. வீடுன்னு ஒண்ணு ஆனதும் வந்து வாங்கிக்கறேன்."

நான் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன். என் கணவர் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டுகிற வேலையை என்னிடம் விட்ட பிறகு அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பாதி சுருட்டியதும், "முகம் வெளிப்பக்கமாவா சுத்தறே?" என்று கேட்டார். அதற்குக் காரணம் சொன்னேன். யோசித்தார். சரிதான் என்றார். வசம்புத் துண்டை அவரே உள்ளே போட்டார்.

வந்தவர் காப்பி குடித்துவிட்டு, போயிட்டு வரேன் என்று சொல்லி, ரசீதை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கணவர் வாசல்வரை போய் அவர் சட்டைப் பையில் அதைப் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் தாயார் படப் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதை முடித்தார். ஆனால் காகிதம் கிடைக்காத காலம், அச்சிட முடியவில்லை. பிற்பாடு கிடைத்தபோது அவருக்கு அதில் நாட்டம் குறைந்திருந்தது. அது ஒரே ஒரு பிரதியாக எங்களிடம் இருக்கிறது.

மற்ற இரண்டு ரங்கூன் குழாய்களுக்கும் யாரும் வரவில்லை. யுத்தம் முடிந்து தபால் திரும்ப ஓட ஆரம்பித்தபோது பழைய விலாசங்களுக்கே கார்டு போட்டேன். ஒன்றுக்குப் பதில் இல்லை. இன்னொரு கார்டு, அப்படி ஒரு தெருவே இப்போது இல்லை என்று பர்மியத் தபால்காரர் கையால் எழுதிய குறிப்போடு திரும்பியது. அவற்றைப் பிரித்து விற்க என் கணவர் சம்மதிக்கவில்லை. பல வருஷம் அலமாரிமேல் இருந்தன.

முசிறிக்காரர் ஒன்றரை வருஷம் கழித்து வந்தார். அப்போது காக்கிச் சட்டை, அவருக்கே தைத்தது. பொன்மலையில் ரயில்வேயில் வேலை கிடைத்து, இருக்க வீடும் கொடுத்திருந்தார்கள். குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்றார். என் கணவர் யார் வீட்டுக்கும் எளிதில் கிளம்புகிறவர் அல்ல. அன்றைக்கு என்னைவிட முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

பொன்மலை வீடு இரண்டே அறை. படத்துக்குப் போதிய அகலமான சுவர் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் சமையலறைக் கதவுக்குமேல். அங்கேதான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். கிட்டத்தில் நின்றால் கழுத்து வலிக்கும். முழுசாகப் பார்க்க வாசலுக்கு வர வேண்டும். ஆண்கள் இருவரும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒரு தரம் சிரித்தது கேட்டது.

அந்த வீட்டு அம்மாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மெலிந்த பெண். படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய தம்பி பட்டாளத்தில் வடக்கே எங்கேயோ இருந்தானாம். மாவடு ஊறுகாய் கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டானாம்.

"நீங்க எதைக் கட்டினாலும் ஒடையாமப் போய்ச் சேரும்னு அவரு சொல்வாருங்க. ஊறுகாயைத் தபால்ல அனுப்ப முடியுங்களா?"

எனக்கு ஊறுகாய் அனுப்பிப் பழக்கமில்லை, படம்தான் தெரியும் என்றேன். ஆனாலும் ஜாடியை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஜாடி கனம், அது வேண்டாம். உப்புத் தண்ணீர் கசியும், ஆகையால் தண்ணீரை வடித்துவிட்டு உலர் வடுவாக அனுப்பலாமா என்று இருவரும் யோசித்தோம். பால் மாவு வந்த தகர டப்பா ஒன்று அவளிடம் இருந்தது. மூடியைச் சுற்றி மைதாப் பசையில் துணி ஒட்டி, சுற்றிலும் உமி அடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்தால் பார்சலாகத்தான் போகும், புக் போஸ்ட்டில் எடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பேசி முடித்து வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டவுனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் வேகமாக நடந்தோம்.